பத்து பதினான்கு

புவெர்ட்டோ மோன்ட்டில் மழை பெய்யாத நாளைத்தான்
நான் விசேஷமாகக் குறித்துவைப்பேன்.
மற்றபடி, இருபத்திரண்டு வருடமாக,
சால்மன் கம்பெனியின் இயக்குநர் கூட்டத்தில்
யார் என்ன சொன்னார் என்று எழுதுவது என் வேலை.
பெயர் எடெல்மிரா ஓயார்சூன்.
குறிப்பில் அது எங்கும் வராது.

மேஜையைச் சுற்றி ஏழு ஆண்கள்.
இருவர் பெயர் ஹெர்னான்.
ஒருவர் இன்னொருவருக்கு மைத்துனர்.
இன்னொருவர் யாருக்கு என்ன உறவென்று
தலைவர் ஷ்வெர்ட்டருக்கே மறந்துவிட்டது.
கதவோரம், காப்பித் தட்டுக்குப் பக்கத்தில்,
யாஸ்னா பரீயா, நிதி மேலாளர்.
குறிப்பில் அவள் பெயருக்கு மேலே ஒரு கோடு போடுவேன்:
'அழைப்பின் பேரில் கலந்துகொண்டவர்.'
கோட்டுக்குக் கீழே ஓட்டு கிடையாது.

கீழே, வெட்டும் கூடத்தில், முந்நூறு பெண்கள்
வெள்ளை பூட்ஸும் நீலக் கையுறையுமாய்
முள்ளெடுத்தபடி நிற்கிறார்கள்.
மாடிக்கு முப்பத்தொரு படி.
ஏறி வருவது பெரும்பாலும் மீன் வாடைதான்.

மார்ச் கூட்டம். பத்து பதினான்குக்கு அவள் சொன்னாள்:
நான்காம் கூண்டில் மீன் இரையெடுக்கவில்லை,
தண்ணீர் சூடாகிறது, பாசி வரும்,
இரண்டு வாரம் முன்னதாகவே பிடித்துவிடலாம்.
பிடித்தால் நஷ்டம் இவ்வளவு, பொறுத்திருந்தால் இவ்வளவு.
இரண்டாவது எண்ணில் ஒரு சுழியம் கூடுதல்.

ஒருவர் சர்க்கரை கேட்டார்.
அவள் நகர்த்தினாள்.
படகுத்துறைக்கு அடியில் ஒரு கடற்சிங்கம் இருமியது.
"அடுத்து?" என்றார் தலைவர்.

பத்து இருபத்தைந்துக்கு
இளைய ஹெர்னான் தொண்டையைச் செருமினார்.
அதே கூண்டு, அதே பாசி, அதே இரண்டு வாரம்.
எண்ணை மட்டும் தப்பாகச் சொன்னார்.
மேஜையே நிமிர்ந்து உட்கார்ந்தது.
"இதைத்தான் தொலைநோக்கு என்பேன்" என்றார் தலைவர்.
யாஸ்னா எண்ணைத் திருத்தினாள்,
மாற்றிப் போட்ட பொத்தானைச்
சரிசெய்துவிடுவதுபோல், சத்தமில்லாமல்.

யாஸ்னாவுக்கு முன் க்ளாடிஸ் இருந்தாள். அவளுக்கும் முன்
தரக்கட்டுப்பாட்டில் ஒருத்தி. பெயர் நினைவில்லை.
தேடிப் பார்க்கலாமென்றால்
என் குறிப்பேட்டிலும் இல்லை.

எங்களிடம் ஒரு வினை இருக்கிறது, ஆளே இல்லாமல் நடக்கும் வினை:
முடிவாயிற்று.
யார் முடித்தது, யார் தொடங்கியது, அது கேட்காது.
ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்.
யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.
குறிப்பு சுருக்கமாக இருக்கவேண்டும் என்பார்கள்;
சுருக்கும்போது எது உதிரும் என்று எனக்குத் தெரியும்.

அன்று நேரத்தையும் சேர்த்து எழுதினேன். அவ்வளவுதான்.
10:14 பரீயா.
10:25 ஹெர்னான் (இளையவர்).
இடையில்: சர்க்கரை.

வியாழக்கிழமை தலைவரே என் அறைக்கு வந்தார், கையில் பென்சில்.
"எடெல்மிரா, இதென்ன ரயில் அட்டவணையா?"
கெட்டவர் இல்லை. என் தங்கையின் ஆபரேஷனுக்குப்
பணம் கொடுத்தவர்.
சிரித்துக்கொண்டே பரீயாவை அடித்தார்.
பிறகு நேரங்களை. சர்க்கரையை.
சுத்தப் பிரதி எடுத்தேன்.
ஏழு பேரும் படிக்காமல் கையெழுத்திட்டார்கள்.

மீன் நல்ல விலைக்குப் போயிற்று.
இளைய ஹெர்னானுக்கு ஏற்றுமதிப் பிரிவு.

அடித்த தாளை நான் கிழிக்கவில்லை.
பஸ் நிறுத்தத்தில், ஒரே குடைக்குள்,
யாஸ்னாவிடம் நீட்டினேன்.
படித்தாள். நான்காக மடித்தாள்.
"இது எனக்குத் தெரிந்ததுதான்.
உங்களுக்கும் தெரியும் என்பதுதான் தெரியாது" என்றாள்.
பிறகு, குடைக்கு வெளியே பார்த்து,
"இருபத்திரண்டு வருடமாகவா?"

பஸ் வந்தது. எனக்கு வேறு பஸ்.

ஏப்ரல் கூட்டம் ஒன்பது மணிக்கு.
எட்டரைக்கே போனேன்.
சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துத்
தலைவரின் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு
வந்து உட்கார்ந்தேன்,
கடிகாரம் தெரியும் பக்கமாக.