அருவங்காட்டில் ஒரு விசிறி

ஜனவரி. மணி இரண்டரை.
கேத்திப் பள்ளத்தாக்கில்
கேரட் இலைகள் மேல்
உறைபனி உப்புத் தூவிக்கொண்டிருக்கும் நேரம்.
ஜன்னலைத் திறக்கிறேன்.
கம்பளிக்குள்ளிருந்து தனசிங் கேட்கிறார்:
‘கொல்லப் பாக்கிறியா?’
என் முதுகில் வேர்வை
ஒற்றைக் கோடாக இறங்குகிறது.
இந்த ஊரில் எனக்கு மட்டும் சித்திரை.

இருபத்தேழு வருஷம்
இந்த ஃபாக்டரி குவார்ட்டர்ஸில்
குளிருக்கு எதிராகத்தான் என் கை வேலை பார்த்தது.

ஜெமிலா வயிற்றில் இருந்தபோது
பின்னிய முதல் காலுறை
ஒன்று பெரிது, ஒன்று சிறிது.
‘ஒரு காலுக்கு ஒரு மாசம் வயசு கூட’ என்றார் நர்ஸம்மா.
ஞானஸ்நானச் சட்டைக்கு
என் கல்யாணச் சேலையில் கத்தரி வைத்தேன்.
கை நடுங்கியது உண்மை.
அதன்பிறகு அந்தச் சேலையை
யாருக்கும் விரித்துக் காட்டியதில்லை.

எபி பிறந்த வருஷம் மண்சரிவு.
ரயில் வரவில்லை, நூல் வரவில்லை.
அவருடைய பழைய ஸ்வெட்டரைப் பிரித்தேன்.
நூல் சுருண்டு சுருண்டு நின்றது,
இருந்த உடம்பை மறக்க மாட்டேன் என்று.
வெந்நீர் ஆவியில் காட்டி நீவி
ஒரு குல்லா.
குல்லா சிறுத்ததும் அதையும் பிரித்து
கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடுகள்.
தீக்குச்சிக் கால்கள்.
ஒரு ஆட்டுக்கு மூன்றுதான்.
எபி வருஷா வருஷம் அதைத்தான்
பாலனுக்கு ஒட்டி வைப்பான்.
‘அதுக்கு வேகமா நடக்க வராதும்மா,
அதான் முன்னாடியே கிளம்பி வந்துடுச்சு.’

ஜெமிலா பெரியவளானது ஜூலை மழையில்.
ஓலை கட்டு, மைக்செட் வை என்று
நாசரேத்திலிருந்து நாளுக்கு நாலு ஃபோன்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
‘யாரும் வராம இருக்க முடியுமா?’
வெந்நீர்ப் பைக்கு ஒரு உறை பின்னினேன்.
சிவப்பு வேண்டாம் என்றாள்.
பச்சை. முயல் காது வைத்து.
அடிவயிற்றில் அணைத்துக்கொண்டு
அல்ஜீப்ரா போட்டாள்.
சொந்தக்காரர்கள் இரண்டு வருஷம் பேசவில்லை.
அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

எபிக்குத் திருப்பூரில் வேலை.
பனியன் கம்பெனிக்குப் போகிறவனுக்கு
நாற்பது நாள் உட்கார்ந்து
கழுத்து மூடிய ஸ்வெட்டர்.
பொங்கலுக்கு மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.
‘அங்க வெயில்மா’ என்றான்,
ஏதோ அவன் செய்த தப்பு போல.

வெயில் என்றால் என்னவென்று
இப்போது தெரிகிறது.
‘இது ஒரு பருவம், போயிடும்’ என்றார் டாக்டரம்மா.
எத்தனை நாள்?
‘ரெண்டு வருஷம். சிலருக்குப் பத்து.’
மார்கழிக்குப் பிறகு தை என்று
சமையலறையில் தொங்கும் காலண்டருக்குத் தெரியும்.
இதற்குத் தேதி போட்டுக் கொடுக்க
எந்த அச்சகமும் இல்லை.

குன்னூர் மார்க்கெட்டில் விசிறி கேட்டேன்.
கடைக்காரர் என்னையும்
வாசலில் நின்ற மூடுபனியையும்
மாறி மாறிப் பார்த்தார்.
‘அக்கா, ஹீட்டர் இருக்கு.’

கோயம்புத்தூரிலிருந்து நேற்று ஒரு பார்சல்.
ஜெமிலாவின் கல்யாணப் பத்திரிகை,
பேர் எழுதாமல் மிஞ்சிய ஐந்தாறு,
ஒட்டி, மடித்து மடித்து,
ஐஸ்குச்சி பிடி வைத்து.
ஊசியைத் தொடாமலே
பி.காம். முடித்த பெண்.
பசை வழிந்து காய்ந்திருக்கிறது.
மடிப்பில் ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம்.
கூடவே துண்டுச் சீட்டு:
‘ஜன்னலைத் தொறக்காதே.
அப்பாவுக்கு வீசிங்.’

மணி மூன்று.
ஜன்னலைச் சாத்திவிட்டு விசிறுகிறேன்.
‘தேவ கிருபையால்’ முகத்தருகே வருகிறது,
‘அனைவரும் வருக’ விலகிப் போகிறது.
அவர் பெயரும் என் பெயரும்
ஒரே மடிப்பில் மாட்டியிருக்கின்றன.

கம்பளிக்குள்ளிருந்து:
‘இந்தப் பக்கம் வீசாதே.’

கொஞ்சம் அந்தப் பக்கமும் வீசுகிறேன்.