நிமிடக் கணக்கு

பீல் நகரம், ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடி. ஹீட்டர் இருமுகிறது.
எங்கள் மூடுபனிக் கடலில்
முப்பத்தேழு பேர். ஒவ்வொருவர் மணியோசையும்
எனக்குத் தெரியும்.

ரேட்டோதான் கையெழுத்துப் போட்டான்:
மாதச் சந்தாப் பட்டியலில் இனி நாமும்,
ஆடும் நிமிடத்துக்கு இத்தனை ராப்பன்.

வெள்ளி இரவு பதினோராயிரம் படகுகள்.
சர்வருக்கு மூச்சு வாங்கியது.
"சுடுவதற்கு எந்தப் பட்டன்?"
சுட ஒன்றுமில்லை என்றதும்
திங்களுக்குள் கலைந்தார்கள்,
பந்தி முடிந்த மண்டபம் போல.

ஒரே ஒரு படகு போகவில்லை.
ஆள் தூங்கிப்போயிருக்க வேண்டும்;
பாறைப் பக்கம் ஒதுங்குகிறது.
தூங்கினாலும் நிமிடம் நிமிடம்தான்,
ரேட்டோ கணக்குப் பார்க்கிறான்.

நான் பார்த்தது வேறு:
பழைய படகுகள் ஆறேழு
சொல்லாமல் கொள்ளாமல் வந்து
அதைச் சுற்றி நின்றன,
மணியடிக்காமல்.