வில்லுக்குறி

வடசேரி தொடங்கி களியக்காவிளை வரை
பத்தொன்பது வருஷம் நான் கூவிய ஊர்கள்
ஒரு காலை, பார்வதிபுரம் தாண்டும்போது,
வாயிலேயே இறங்கிப் போயின.
விசில் விழுந்த சத்தம் கேட்டது.
வலது கை சில்லறைப் பைக்குள்ளேயே கிடந்தது,
யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல.

ஆசாரிப்பள்ளத்தில் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
டாக்டர் ஷைனி சுகுணபாயிடம் சொன்னாள்:
"அடைச்சது ஒரு நொடியிலாக்கும் அக்கா.
இனி நடக்கப்போறதுதான் நீளம்."

சேதி கேட்டு மண்ணீரல் சுருங்குமாம்.
இருக்கிற ஆளையெல்லாம் ரத்தத்தில் ஏற்றித்
தலைக்கு அனுப்புமாம்.
இது எனக்கு விளங்கியது.
கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு
டிப்போ ஸ்பெஷல் விடுவது மாதிரி.
கூட்டம் வந்தால் கூட்டத்தின் குணமும் வரும்.
செத்தது எது, மயங்கிக் கிடப்பது எது
யார் குனிந்து பார்த்தார்கள்?
உயிர் இருந்த ஓரத்தையும் மிதித்தார்கள்.
அங்கேதான் இருந்திருக்க வேண்டும் சுங்கான்கடை.

"அடக்கிவைக்க மருந்து கெடையாதா?"
"மொத்தமா அடக்கினா குப்பையை யாரு அள்ளுவா?"

ஆறாம் நாள் காய்ச்சல். நெஞ்சில் சளி உறுமியது.
காவல் தளர்ந்த நேரம் பார்த்து
நுரையீரலுக்குள் கிருமி ஏறிவிட்டதாம்.
அந்த ராத்திரி அவள் ஜெபிக்கவில்லை.
என் சட்டைப் பித்தான்களை எண்ணினாள்.
ஐந்துதான். மறுபடியும் எண்ணினாள்.

பிறகு, எந்த நாள் என்று தெரியாது,
மிதித்தவர்களில் சிலர் குனிந்தார்கள்.
அதே செல்கள்தானாம், குணம் மாறி.
செத்ததைத் தின்று, இடத்தைத் துடைத்து,
அறுந்த நரம்பு துளிர்க்க
ஏதோ கசியவிட்டன.
மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.
கேட்டிருந்தாலும்
பதில் சொல்ல என்னிடம் வாய் ஏது?

ஒரு சாயங்காலம் தாகம்.
டம்ளரைப் பார்த்தேன். நாக்கு புரண்டது.
"வில்லுக்குறி."

அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் தந்தாள்.

சோறு தக்கலை ஆயிற்று. தோள்வலி அழகியமண்டபம்.
அவசரமாகப் போகவேண்டுமென்றால் குழித்துறை.
மகன் ஜெனிஷ் பட்டியல் எழுதி
பிரிட்ஜில் ஒட்டினான்.
"அப்பாக்கு வில்லுக்குறி குடுத்தாச்சா?"
வீடே அந்த ரூட்டில் ஓடியது.

ஆனி மாசம், மழை பிடித்த மத்தியானம்,
"தண்ணி" என்றேன்.
தெளிவாக. ஒரு எழுத்துச் சிதறாமல்.

கறிவேப்பிலை உருவிய கை நின்றது.
என்ன வேண்டும் எனக்கு என்று விளங்காமல்
கொஞ்ச நேரம்
என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.