வாதி

கபூராவில் வறண்ட ஆற்றுக்கு வாதி என்று பெயர்.
என் மொழியில் அது வழக்குத் தொடுத்தவர்.
மூன்று வருடம் ஆஜராகாமல் இருந்துவிட்டு
ஒரு ஞாயிறு இரவு வந்து
பள்ளிவாசல் சுவரில் இடுப்பளவுக்குக்
கையெழுத்துப் போட்டுவிட்டுக்
கடலுக்குப் போய்விட்டது.

பதினோராம் நாள் எங்களை அனுப்பினார்கள்.
நான், ஓட்டுநர் குல்ஷேர்,
நூறு மீட்டர் அளவு நாடா,
உப்பை எண்ணாகச் சொல்லும் ஒரு கருவி,
நாற்பத்திரண்டு கிணறுகளின் பட்டியல்.
நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டால் கீச்சிடும்,
ஆழத்தில் ஒரு கோழிக்குஞ்சு அகப்பட்ட மாதிரி.
குல்ஷேருக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

எனக்குத் தெரிந்த கபூரா மேலே இல்லை.
துளையிட்டு எடுத்த உருளைகளாக
மரப்பெட்டிகளில் படுத்திருக்கிறது.
முதல் இரண்டு மீட்டர் காற்று கொண்டுவந்த மணல்.
அடியில் ஒரு சாண் களிமண்,
சில இடங்களில் அதுவும் இல்லை.
அப்புறம் சரளை, சரளை,
மலை உடைந்து உருண்டு வந்த
கருப்பும் பாசிப்பச்சையுமான கற்கள்.
பதினேழில் சுண்ணாம்பு ஒட்டி இறுகிய ஒரு பட்டை.
அதற்குக் கீழேயும் சரளைதான்.
ஆனால் அங்கே கடல்.

நிலத்துக்குள் வரும்போது கடல் அலையடிப்பதில்லை.
ஆப்பு மாதிரி மெலிந்த முனையை நீட்டி
நல்ல தண்ணீரின் அடிவயிற்றுக்குக் கீழே நுழைகிறது.
கனம் அதிகம், அவசரம் கிடையாது.
மேலே மோட்டார் ஓட ஓட
கீழே அது கொஞ்சம் நகர்ந்து உட்காரும்.

இருபத்தாறாம் கிணறு.
பேரீச்சைகளில் பாதிக்குத் தலை இல்லை.
குத்தகைக்காரர் மொஃபஸ்ஸல், நவகாளிக்காரர்.
போன மார்ச்சில் ஏழாயிரத்து நானூறு.
இன்று தொள்ளாயிரத்துப் பத்து.
கருவியைக் கழுவி மறுபடி இறக்கினேன்.
தொள்ளாயிரத்து எட்டு.

வெள்ளம் வந்த இரவு
கிணற்றின் இரும்பு மூடியைக்
கடப்பாரையால் நெம்பியது தான்தான் என்றார்.
வரப்பை வெட்டி,
புதுப்பெண்ணை அழைத்துவருவதுபோல்
வாதியை உள்ளே அழைத்தாராம்.
மார்பளவு நீரில், கையில் மண்வெட்டியோடு, விடியும்வரை.
"உப்பு பயந்து ஓடிவிட்டது, சார்."
ஒரு டம்ளர் நீட்டினார். தெளிவாகத்தான் இருந்தது.

நான் தண்ணீர் வந்த வழியைப் பார்த்தேன்.
மேற்கே கோழிப்பண்ணை, இப்போது வெறும் கம்பிகள்.
இந்தப் பக்கம் பதினாறு பேர் தங்கும் தகரக் கொட்டகை,
அதன் கழிவுத்தொட்டி. மூடியைக் காணோம்.
கவிழ்ந்து கிடக்கும் டீசல் பீப்பாய்.
பிறகு இந்தக் கிணறு.
களிமண்ணாக இருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் விடும்.
சரளை யோசிக்காது.
கொடுக்க வருபவனுக்கும் கெடுக்க வருபவனுக்கும்
அதனிடம் ஒரே வாசல்.
மூடியைத் திறந்த பிறகு
அந்த வாசல்கூடத் தேவைப்படவில்லை.

பாதி இந்தி, கால் அரபி, மீதி கைவிரல்:
குடிக்காதீர்கள். வாய் கொப்பளிக்கவும் வேண்டாம்.
மரத்துக்கு விடலாம்.
அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"எத்தனை நாள்?"

அழுக்கு போக எத்தனை நாள் என்கிறாரா,
உப்பு திரும்பிவர எத்தனை நாள் என்கிறாரா?
ஒன்று போவதற்குள் மற்றது வந்துவிடும்
என்பதை எந்த விரலால் காட்டுவது.
குல்ஷேர் வண்டியிலிருந்து
எங்கள் குடிநீர்ப் பெட்டியை இறக்கி வைத்தான்.
பன்னிரண்டு புட்டி. அதில் இரண்டு காலி.

அலுவலகத்தில் வரைபடம் கேட்டார்கள்:
எளிதில் கெடும் இடம் சிவப்பு,
நடுத்தரம் மஞ்சள், தாங்கும் இடம் பச்சை.
கடலோரம் முழுக்கச் சிவப்பை இழுத்தேன்.
பச்சைக்கு மலையடிவாரத்தில்
நகக்கண் அளவு இடம் கிடைத்தது.
இருபத்தாறுக்கு நேரே, குறிப்புப் பத்தியில்:
"நம்பத்தகாத அளவு. கிணற்று மூடி திறந்திருந்தது."

யார் திறந்தது என்று எழுதவில்லை.