மூன்று மணிக்கு என்ன போகும்

கடல் எங்கள் ஒழுங்கை முடிவில்தான் இருக்கிறது.
கல்லடியில் செருப்பில்லாமல் நடந்து போனாலே
சூரியனை முதல் ஆளாய்க் காணலாம்.
அதை விட்டுவிட்டு
மேற்கே நாற்பது கிலோமீற்றர் போய், மலையேறி,
வந்த பக்கமே திரும்பிப் பார்க்கவேணும் என்றவன்
ஆய்வுகூடத்தில் சீனி பார்க்கிற டெரன்ஸ்.
ஜாவாவில் சனம் எரிமலைக்கு இப்படித்தான் போறதாம்.
நமக்கு எரிமலை இல்லை.
குடும்பிமலை இருக்கிறது,
ஒருநாளும் கொதிக்காத கல்.

சரி, எதில் போவது?

இரண்டு கிழமையாய்
இரத்தக் குழாய்களுக்கு மேலால் இதுதான் பேச்சு.
பேரின்பராசாவின் வேன் என்றால்
பன்னிரண்டு பேருக்குக் கணக்குப் போட்டு
நாலு பேரிடம் வாங்குவார்.
ஓட்டோ கிரான் வரைக்கும் மாப்பிள்ளை மாதிரிப் போகும்,
மறுகா கிறவல் ரோட்டில் அதன் நட்டெல்லாம் கழலும்.
ஆனை நின்றால் ஓட்டோவைக் கிறுக்கலாம்,
ஆனையைக் கிறுக்க ஏலாது என்றாள் பஸ்மிலா,
ஏறாவூரில் ஓட்டோ ஓடுகிற மச்சான்மார் மூன்றுபேர் உள்ளவள்.
மோட்டார்சைக்கிளுக்கு நிலோஜினியின் அம்மா விடமாட்டா.
முதல் பஸ்
சூரியனுக்குப் பிறகு முகம் கழுவி வரும்.

ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்:
காசு, பனி, ஆனை, அம்மா.
நாலையும் தாண்டின வாகனம் ஒன்றுமில்லை.

இரத்தம் கொடுக்க வந்து கையை நீட்டியபடி
அந்தத் தாளைத் தலைகீழாக வாசித்தார் நல்லரெட்ணம் அண்ணன்,
சித்தாண்டியில் தயிர் போடுகிறவர்.
“மலைக்கா? நான் ஒவ்வொரு நாளும் போறன் கா.
மூணு மணிக்கு. பட்டாவில.
வெறுங் கானோட.”

அப்படித்தான்
பதினாறு பால் கான்களுக்கு நடுவே குந்தினோம்.
ஒவ்வொரு பள்ளத்துக்கும் பதினாறும் கைதட்டின.
கிரான் பாலத்தில் ஆற்றுக் குளிர் காதுக்குள் ஏறியது.
காவலரண் இருந்த இடத்தில்
ஒரு தகரமும் ஒரு நாயும்.
ஆனையும் நின்றது, உண்மையாகவே,
ரோட்டுக்குக் குறுக்கே, யாரையும் எதிர்பாராமல்.
அண்ணன் லைற்றை அணைத்தார்.
“அவர் போகட்டும்” என்றார்.
அவர் போக இருபது நிமிசம்.

“பதினொரு வருசமா வாறீங்களே, மேலே ஏறினதா?”
“விடியக்குள்ள பால் அளக்கிற நேரம்.
என்ட முதுகுதான் கிழக்குப் பக்கம்.”

அடிவாரத்தில் பட்டிக்காரர் வந்துவிட்டார்கள்.
ஒராள் டோர்ச் பிடிக்க நில்லுங்க என்றார் அண்ணன்.
டெரன்ஸ் ஏற்கெனவே பாறையில்.
நான் நின்றேன்.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
அளவு வாசிப்பது எனக்குக் கைவந்த வேலை என்று வைப்போம்.

பால்மானி எருமைப்பாலில் மூழ்கி, மிதந்து,
ஒரு கோட்டில் நிற்கும்.
முப்பது என்றேன்.
இருபத்தொன்பது என்றேன்; கொண்டுவந்தவன்
வானத்தைப் பார்த்தான்.
முப்பத்தொன்று.
எத்தனையாவது கான் என்று தெரியவில்லை,
“டோர்ச்ச அணை மகள், பற்றறி வீணாப் போகுது.”
அப்போதுதான் கண்டேன்,
நான் எப்போதிருந்தோ
வெறுங் கண்ணால் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.
பால் வெள்ளையாக இருந்தது.
அண்ணனின் பிடரியில் சின்னச் சின்ன மயிர்கள்
ஒவ்வொன்றாய்த் தெரிந்தன.
மேலிருந்து மூன்றுபேர் கூவினார்கள்.
நான் திரும்பவில்லை, முப்பதா இருபத்தெட்டா என்று
ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

திரும்பும்போது கான்கள் நிறைந்திருந்தன,
கைதட்டவில்லை. எங்களுக்குத்தான் இடமில்லை.
நிலோஜினி போனில் அறுபத்துமூன்று படம்.
எல்லாவற்றிலும் தூரத்தில் ஒரு மினுக்கக் கோடு.
அது வாவி என்றான் டெரன்ஸ்,
அதுக்கங்கால நம்மட கல்லடி.

அண்ணன் காசு வாங்கவில்லை.
“ரிப்போட்ட மட்டும் வேளைக்குத் தாங்க.”

எனக்கு ஏற்கெனவே தெரியும்.
இருநூற்றெழுபத்திநாலு.
சித்தாண்டியில் இறங்கும்போது சொல்வோம் என்றிருந்தேன்.
செங்கலடி வந்துவிட்டது.