ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

ஐஸ் பெட்டியின் தகர விளிம்பு
மணிக்கட்டில் இறங்கியபோது
சங்கரா கிலோ நூற்றி எண்பதா இருநூறா என்று
முதுநகர் துறைமுகத்தில் பேசிக்கொண்டிருந்தேன்.
ரத்தத்தைப் பார்த்துத்தான் பேச்சை நிறுத்தினேன்.
மறுநாள்
சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும்
வேறு யாருடையவோ.

புதுச்சேரியில் தைத்தார்கள்,
முடியைவிட மெல்லிய நூலில்.
"உறையைத்தான் தைத்திருக்கோம்.
உள்ளே இருக்கிறது தானா வளர்ந்து வரணும்."
எதை வைத்து வழி கண்டுபிடிக்கும்?
"வாசனை மாதிரி ஒண்ணு" என்றார் டாக்டர் இளம்பரிதி,
வேறு சொல் தேடி, கிடைக்காமல்.

வாசனை என்றால் எனக்குத் தெரியும்.
திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்:
கன்னியக்கோயில், சாராயக் கடை.
கெடிலம் பாலம், சேறு.
முதுநகர், காயும் நெத்திலி.
அதைத் தாண்டினால் சிப்காட்.
அழுகிய முட்டையா நெயில் பாலிஷா,
அன்றைய காற்றைப் பொறுத்தது.
பஸ்ஸே ஷட்டரை இறக்கும்.
வா என்கிற வாசனை, வராதே என்கிற வாசனை,
இரண்டையும் கேட்டுத்தான்
சித்திரைப்பேட்டைக்கு வந்து சேர்கிறேன்.

அந்த நுனியும் அப்படித்தானாம்.
பிசியோதெரபி அமலோற்பவம் சொன்னாள்.
கண் கிடையாது.
விரித்த உள்ளங்கை போல ஒரு முனை,
அதில் மயிரிழை விரல்கள்,
நீட்டும், தொடும், சுட்டதுபோல் இழுத்துக்கொள்ளும்.
செத்துப்போன பழைய நரம்பின் குழாய்க்குள்
உறைசெல்கள் வரிசை கட்டி நின்று
எதையோ கசியவிடுமாம்
இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று.
"கருவுல ஒரு தடவை நடந்த வழிதான்.
அப்ப எல்லாம் கிட்டக் கிட்ட இருந்தது."

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.
பையனின் ஸ்கேலில் பார்த்தேன்.
எறும்பு சிரிக்கும்.

ஐப்பசியில் தைத்தது.
புயல் கூண்டு இரண்டு முறை ஏறி இறங்கியது.
அவள் மணிக்கட்டிலிருந்து தட்டிக்கொண்டே போவாள்,
சுரீரென்கிற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி.
தை மாதம் உள்ளங்கை மேடு.
மாசிக் கடைசியில் விரலின் அடி.
சித்திரையில் சுண்டுவிரல் நுனியைத் தொட்டு
"எங்கே?" என்றாள்.
கண்ணை மூடியிருந்தேன்.
"மோதிரவிரல்."
பேனா அப்படியே நின்றது.

சிலது ஸ்டாப்பிங் மாறி இறங்கிவிடும் என்றாள் பிறகு.
மூளைக்குத்தான் பழக்க வேண்டும்.

நேற்று கூடையில் கை விட்டபோது
கெளுத்தி முள்.
சட்டென்று மோதிரவிரலை வாயில் வைத்தேன்.
உப்பு மட்டும்.
பக்கத்து விரலில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

அமலோற்பவத்துக்கு போன் போட்டேன்:
வலிக்குது!
"எந்த விரல்?" என்றாள்.
யோசித்தேன்.