தேய்மானம்

எங்கள் டோங்காவில் ஞாயிற்றுக்கிழமைக்குச்
சட்டமே வேலி கட்டியிருக்கிறது.
விமானம் இறங்காது. கடை திறக்காது.
கொடியில் ஈரத்துணி தொங்கினால்
அடுத்த வீட்டு நாய்கூட நின்று பார்க்கும்.

விடியுமுன் பெனிசோனி குழி தோண்டிக்
கல்லைப் பழுக்கக் காய்ச்சினான்.
சேம்பிலையில் டின் இறைச்சியும் வெங்காயமும் வைத்துத்
தேங்காய்ப்பால் ஊற்றி
நான் பொதிந்து கொடுக்கக் கொடுக்க
அவன் அடுக்கி மண் மூடினான்.
இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு
கோயிலுக்குப் போனோம்.

பாடகர் வரிசையில் நான் தாழ்குரல்.
கரும்பலகையில் எண்களால் எழுதிய ராகம்.
எங்கள் சுரங்கள் மூன்றில் தொடங்கி
ஒன்பதில் முடியும்.
"ஒன்றும் இரண்டும் எங்கே போச்சு?"
மகள் மெலெனைட்டே வாராவாரம் கேட்பாள்.
தெரியாது என்பேன்.
"கணக்குப் படிக்கிறாய், இதுகூடத் தெரியாதா?"

ஆமாம் ஆண்டவரே, படிக்கிறேன்.
நாற்பத்தொரு வயதில், அஞ்சல்வழியில்.
போன ஆண்டு காணிக்கை நாளில்
எங்கள் குடும்பப் பெயரையும் தொகையையும்
உரக்க வாசித்தார்கள்.
நானும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.
அது படகு என்ஜின் பெயரில் வாங்கிய கடன் என்பது
உமக்கும் வங்கிக்கும் மட்டுமே தெரியும்.
அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தப் புத்தகம்.

திங்கள் காலை எட்டுக்குள் விடைத்தாள் போகவேண்டும்.
ஆறு நாளையும்
துறைமுக அலுவலகமும் சின்னவன் காய்ச்சலும்
பாட்டுப் பயிற்சியும் தின்றுவிட்டன.
மிச்சம் இருந்தது உம்முடைய நாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் தீவே உறங்கும்.
பெனிசோனி வாய்திறந்து கிடந்தான்.
அவன் வயிற்றின் மேல் சின்னவன்,
கட்டிப்போட்ட தோணிபோல்
ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.
நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
புத்தகத்தோடு ஒளிந்தேன்.

பாடம் ஏழு: தேய்மானம்.
படகு, லாரி, தையல் இயந்திரம்,
ஒவ்வோர் ஆண்டும் பத்து சதவீதம் கழி.
முழங்காலுக்கும் உண்டா என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

ஓய்வுநாளில் குழியில் விழுந்த மாட்டைத்
தூக்கிவிடலாம், குற்றமில்லை.
மாடே தன்னைத் தூக்கிக்கொண்டால்?

பதில் வருமுன் மெலெனைட்டே வந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவைக் கூப்பிடவில்லை.
தூக்கக் கலக்கத்தில் என் மடியில்,
விரித்த பக்கத்தின் மேலேயே,
தலையை வைத்துப் படுத்துவிட்டாள்.
பக்கத்தைத் திருப்ப வழியில்லை.
அவள் காதைச் சுற்றித் தெரிந்த எண்களை மட்டும்
திரும்பத் திரும்ப வாசித்தேன்.
தொட்டியின் நிழல் குளுமையாக இருந்தது.
எப்போது கண்ணயர்ந்தேனோ.

மாலை மணிதான் எழுப்பியது.
அட்டவணையின் நான்காம் ஆண்டில்
அவள் எச்சில் ஊறி மை பரவியிருந்தது.

கோயிலில் பாட்டுத்தலைவர் கை உயர்ந்தது.
மூன்றைத் தொடுமுன்
நாற்பது பேரும் ஒன்றாக மூச்சிழுத்தோம்.
பெஞ்சிலிருந்து மெலெனைட்டே என்னைப் பார்த்துப்
புருவத்தை உயர்த்தினாள்.
எங்கள் ஊரில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள்.

நள்ளிரவு தாண்டி
அடுக்களை மேசையில் உட்கார்ந்தேன்.
பெனிசோனி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.
"திங்களா?"
"திங்கள்."
ஆறிப்போன பொதியொன்றைப் பிரித்து வைத்துவிட்டு
எதிர் நாற்காலியிலேயே உறங்கிப்போனான்.

குறையும் மதிப்பு முறையில்
கழிக்கக் கழிக்கச் சிறுக்கும்,
பூஜ்யம் ஆகவே ஆகாதாம்.
ஏன் என்று விளக்குக. பத்து மதிப்பெண்.
மூன்று வரி எழுதினேன். நாலாவது வரவில்லை.
ஏழு நாற்பதுக்கு அனுப்பிவிட்டேன், அப்படியே.

பிறகு துணி துவைத்தேன்.
எல்லாக் கொடியிலும் துணி,
நாய் எதையும் பார்க்கவில்லை.